நோய் எது என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் வந்தது என்பது வேறு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘கருப்புச் சாவு’ கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்துவருகிறேன். ஆறரை நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவைச் சூறையாடிய ஒரு கொள்ளைநோயைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எலிப்பொறி வைத்திருக்கிறேன், வீடு வீடாகக் கொசுப்புழு தேடியிருக்கிறேன், வாந்திபேதி கண்ட தெருவில் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள். தெள்ளுப்பூச்சி பற்றிய பகுதியையும் கடையநல்லூர் பற்றிய பகுதியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கட்டுரையாளர் சொன்னதன் சாரம் இது: அன்று செத்தவர்களின் பல்லில் பிளேக் கிருமி கிடைத்துவிட்டது, ஆகவே எலியும், அதன்மேல் ரத்தம் குடித்து வாழும் எலித்தெள்ளும்தான் பரப்பின என்பதும் உறுதியாகிவிட்டது. நாசரேத்திலிருந்து எழுதிய வாசகர், அவ்வளவு வேகமாகப் பரவியது பிளேக்காகவே இருக்க முடியாது என்கிறார். சங்கரன்கோவில் வாசகர், எலிமேல் பழி போட்டது தப்பு, பேன்தான் காரணம் என்கிறார். பாளையங்கோட்டை வாசகரோ, நம் சீமையில் பிளேக் காலூன்றாததற்கு மஞ்சளும் வேப்பிலையும் சாணம் மெழுகிய முற்றமும்தான் காரணம் என்கிறார்.

நால்வருமே இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். என்ன நோய் என்பது ஒரு கேள்வி. அது எந்த வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போனது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக ஆகாது. இரண்டாவதில் சந்தேகம் இருப்பதால் முதலாவதை மறுக்கவும் முடியாது.

என்ன நோய் என்பதை முதலில் முடித்துவிடலாம். 2000இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துப் பழைய புதைகுழி ஒன்றில் எடுத்த பற்களுக்குள் பிளேக் கிருமியின் மரபணுத் துண்டு இருப்பதாக ஒரு குழு சொன்னது. வேறு ஆய்வுக்கூடத்தார் வேறு இடத்துப் பற்களில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. சில வருஷம் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்புறம் 2011இல் லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில், கருப்புச் சாவில் மாண்டவர்களுக்கென்றே 1348–49இல் ஏற்படுத்திய இடுகாட்டு எலும்புகளிலிருந்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியையே கோத்து எடுத்துவிட்டார்கள். 2022இல் இன்னும் பின்னால் போனார்கள். கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரிப் பக்கம் 1338, 1339ஆம் ஆண்டுக் கல்லறைகள் உண்டு. சில கற்களில் ‘கொள்ளைநோயால் இறந்தார்’ என்று சிரியாக் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அங்கே புதைத்தவர்களின் பற்களிலும் இதே கிருமி.

நாசரேத் வாசகர் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. 1984இல் கிரஹாம் ட்விக் என்ற விலங்கியலாளர் அது அடைப்பான் நோயாக இருக்கலாம் என்றார். நம் பக்கம் மாட்டுக்கு வருமே, அந்த அடைப்பான். 2001இல் ஸ்காட், டங்கன் இருவரும் ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல் என்றார்கள். படித்தவர்கள், கணக்குப் போட்டுத்தான் பேசினார்கள். அவர்கள் சொன்ன விடை இன்று நிற்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நோய் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது? எலிகள் செத்து விழுந்ததாக அந்த ஊர்க்காரர்கள் ஏன் எழுதிவைக்கவில்லை? கிருமி பல்லுக்குள் வந்தது ரத்தத்தின் வழியாக. ரத்தத்துக்குள் அதைக் கொண்டுபோய் விட்டது எலித்தெள்ளா, பேனா, பக்கத்தில் இருந்தவரின் இருமலா என்பதைப் பல் சொல்லாது. கட்டுரையாளர் இதைத் தாண்டிப் போய்விட்டார்.

எலி, தெள்ளு என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஐரோப்பாவில் பிறந்தது அல்ல. 1894இல் ஹாங்காங்கில் எர்சின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896இல் பம்பாய் மாண்ட்வியில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிட்டங்கிகளுக்கு நடுவே, பிளேக் வெடித்தது. அதை ஆராய வந்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோந் நோயாளிகளின் காலில் சின்னக் கொப்புளம் ஒன்றைக் கவனித்தார், பூச்சி கடித்த இடம் மாதிரி. செத்துக் கொஞ்ச நேரமே ஆன எலியைத் தொட்டவர்களுக்கு நோய் வருகிறது, வெகுநேரம் ஆகி விறைத்துக் கிடந்த எலியைத் தொட்டவர்களுக்கு வருவதில்லை என்பதையும் கவனித்தார். உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு எலியை விட்டு இறங்கிவிடும், அதுதான் சூட்சுமம். 1898 ஜூன் 2ஆம் தேதி கராச்சியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் நோய் கண்ட எலி ஒன்றைத் தெள்ளுகளோடு விட்டார். அதற்கு மேலே கம்பிவலைக் கூண்டில் நல்ல எலி ஒன்றைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. தெள்ளு மட்டும்தான் தாவலாம். நோய் கண்டது செத்தது. சில நாளில் மேலே இருந்த நல்ல எலியும் பிளேக்கில் செத்தது.

இதை எழுதி வெளியிட்ட மனுஷனை அப்போது பலர் நம்பவில்லை. பல வருஷம் கழித்துத்தான், 1905இலிருந்து பம்பாயில் வேலை செய்த பிளேக் ஆராய்ச்சிக் குழு அதை அசைக்க முடியாதபடி நிறுவியது. பிளேக் கண்ட வீடுகளுக்குள் கினிப்பன்றிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் தொங்கிய கூண்டில் நோய் வந்தது. 2 அடி உயரத்தில் தொங்கிய கூண்டில் வரவில்லை. காற்றில் பரவுகிற நோய் என்றால் 2 அடி உயரம் அதை என்ன செய்துவிடும்? தெள்ளால் அவ்வளவு உயரம் தாவ முடியாது, அவ்வளவுதான் விஷயம். 1914இல் லண்டனில் பேகாட், மார்ட்டின் என்ற இருவர் தெள்ளின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிட்டார்கள். கிருமி பெருகி இரைப்பை வாசலை அடைத்துக்கொள்கிறது. குடித்த ரத்தம் உள்ளே இறங்காததால் தெள்ளு பசியில் வெறிகொண்டு திரும்பத் திரும்பக் கடிக்கிறது. கடிக்கும்போது அடைப்பில் முட்டிய ரத்தம் கிருமியோடு கடிவாய்க்குள் திரும்பி வருகிறது.

இந்தத் துணைக்கண்டத்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கிய நோய் அது. அந்தச் சாவுகளின் நடுவே நின்று கண்டுபிடித்த உண்மை என்பதால் எலியையும் தெள்ளையும் யாராவது லேசாக ஒதுக்கித் தள்ளினால் எனக்குப் பொறுப்பதில்லை. சங்கரன்கோவில் வாசகர் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் நடந்ததை அவருடைய பேன் கணக்கு விளக்காது.

இப்போது நம் சீமைக்கு வருகிறேன். 1994இல் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று செய்தி வந்ததும் லட்சக்கணக்கான பேர் அந்த ஊரை விட்டு ரயிலேறினார்கள். எந்த ரயிலில் யார் வந்து இறங்குவார்களோ என்று நாடு முழுக்கப் பயம். டெட்ராசைக்ளின் மாத்திரைக்குக் கடைகளில் அடிதடி. அந்தச் சமயத்தில் எங்களுக்கு வந்த வேலை எலி பிடிப்பது. அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் ரேஷன் கிட்டங்கியிலும் சாயங்காலம் சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துப் பொறி போடுவோம். காலையில் பொறியோடு எலியைத் துணிப்பைக்குள் இறக்கி, மயக்க மருந்து நனைத்த பஞ்சைப் போட்டு வாயைக் கட்டிவிடுவோம். எலி அடங்கியதும் வெள்ளைப் பீங்கான் தட்டில் கிடத்தி, வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கி எதிர்மயிராகச் சீவ வேண்டும். மயங்கிய தெள்ளுகள் எள் உதிர்வது போலத் தட்டில் விழும். ஒரு எலிக்கு எத்தனை தெள்ளு என்று எண்ணி, சாராயச் சீசாவுக்குள் போட்டு, சீட்டு எழுதி அனுப்புவோம்.

எங்களோடு வந்திருந்த பூச்சியியல் வல்லுநர் ஒருவர், வயதில் மூத்தவர், ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். “ரெண்டும் ஒண்ணா, வேறயா, சொல்லுங்க தம்பி” என்றார். எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. பெண் தெள்ளின் அடிவயிற்றுக்குள் இருக்கும் விந்துப்பையின் வடிவத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் இரண்டும் வேறு. ஒன்று கியோபிஸ், மற்றது அஸ்டியா. இரண்டும் எலித்தெள்ளுதான், ஒரே பேரினம்தான். ஆனால் பிளேக்கைப் பரப்புவதில் கியோபிஸ் மகா கெட்டி. அஸ்டியா மந்தம்.

இந்த வித்தியாசம் பம்பாய்க் குழுவுக்கே ஆரம்பத்தில் தெரியாது. அஸ்டியாவைத் தனி இனம் என்று ராத்ஸ்சைல்ட் என்ற தெள்ளு ஆய்வாளர் பிரித்துப் பெயர் வைத்ததே 1911இல்தான். அதுவரை எல்லாவற்றையும் கியோபிஸ் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் 1914இல் பிளேக் புகுந்தபோது அங்கே நகராட்சியில் கிருமி ஆய்வாளராக இருந்த ஹர்ஸ்ட் இந்த முடிச்சை அவிழ்த்தார். கொழும்பு எலிகளில் பெரும்பாலும் அஸ்டியாதான் இருந்தது. கியோபிஸ் இருந்தது தானியக் கிட்டங்கிகள் நெருங்கிய பகுதியில். பிளேக் பிடித்துக்கொண்டதும் அந்தப் பகுதியைத்தான். சென்னைப் பட்டணமும் தென்பாண்டிக் கரையோரமும் வடக்கே மாதிரி அழியாமல் தப்பியதற்கும் இதுதான் முக்கியக் காரணம் என்று அவர் சொன்னார்.

பாளையங்கோட்டை வாசகருக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் திருநெல்வேலிக்கு மட்டும் சொந்தமா? கோயம்புத்தூரில் வேப்பமரம் இல்லையா? ஈரோட்டுப் பக்கம் விளையாத மஞ்சளா? அங்கேயும் முற்றம் மெழுகினார்கள், அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சனங்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பெயரே சாட்சி. சென்னை மாகாணத்தில் பிளேக் நிலைத்து நின்றது பல்லாரி, சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, மதுரை ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில். கம்பம் நமக்கு என்ன தூரம்? அதே சனம், அதே சாப்பாடு, அதே சாமி. ஆனாலும் அங்கே எலிகளுக்குள் பிளேக் வருஷக்கணக்கில் அறாமல் இருந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றியே தனியாக ஆராய்ந்து 1934இல் எழுதினார்கள். கம்பத்தில் உள்ளது, நம்மிடம் இல்லாதது என்ன என்று பார்த்தால், கொஞ்சம் குளிர்ச்சியும் அங்கே வாழ்ந்த கியோபிஸ் தெள்ளும்தான்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. வெப்பம் 27, 28 டிகிரிக்கு மேலே போனால் தெள்ளின் இரைப்பை வாசலில் ஏற்பட்ட அடைப்பு கரைந்துவிடும். வட இந்தியாவில் சித்திரை, வைகாசி வெயில் ஏறியதும் பிளேக் அடங்கியதற்கு இதைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஆனால் நம் சீமை தப்பியதற்கு வெயில் ஒன்றே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படியென்றால் ஆனி, ஆடிச் சாரலில் குளிர்ந்து கிடக்கிற தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமே. 1904இலேயே திருநெல்வேலியிலிருந்து கொல்லம் வரை ரயில் போய்விட்டது. சரக்கு வந்தது, ஆட்கள் வந்தார்கள், எலியும் வந்திருக்கும். இருந்தும் நோய் வேர் விடவில்லை. ஆகவே வெயிலைவிட, எந்தத் தெள்ளு இங்கே வாழ்ந்தது என்பதற்குத்தான் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது ஆட்களைத் தடுத்துப் பார்த்த ஏற்பாடு. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டு வாங்கிக்கொண்டு, பத்து நாள் தினமும் அதிகாரியிடம் முகம் காட்ட வேண்டியிருந்தது. தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி சனங்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்தார்கள். அங்கே அவர்கள் பட்ட அவமானம் தனியாக எழுத வேண்டிய கதை.

சாமியைக் கும்பிட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஆச்சியும் தெருவில் பேதி கண்டால் வாசலில் வேப்பங்குலை செருகியவள்தான். தப்பியதற்குக் காரணம் என்ன என்று பத்திரிகையில் எழுதும்போது, தப்பாதவர்களிடமும் அதே பொருள் இருந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, ஐரோப்பாவுக்கு வருவோம். 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினாவில் கப்பல் வந்து சேர்ந்தது. 1348 கோடையில் பாரிஸ், இங்கிலாந்துக் கரை. 1349இல் நார்வே. மாட்டுவண்டியும் பாய்மரமும் மட்டுமே இருந்த காலம். ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபிறகு இந்தியாவில் பரவிய பிளேக்கோ ஊர் ஊராக, தெருத் தெருவாக, எலிகள் செத்து முடிகிற வேகத்தில் மெல்ல நகர்ந்தது. ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சனம், சில இடங்களில் பாதிச் சனம் போய்விட்டது. இந்தியாவில் இருபது வருஷம் ஆடியும் அந்த விகிதம் வரவில்லை. இதெல்லாம் ஒரே கிருமிதான், ஆனால் ஒரே வழியா என்று கேட்பது நியாயம்தானே?

எலி செத்ததை அவர்கள் எழுதிவைக்கவில்லை என்பதையும் நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். கண்ணில் பட்டிருந்தால் மனுஷர்கள் எழுதியிருப்பார்கள். நம் நாட்டில் எழுதியிருக்கிறார்கள். ஜஹாங்கீர் பாதுஷா தன் நினைவுக் குறிப்பில், 1619 வாக்கில் ஆக்ராவில் கொள்ளைநோய் வந்தபோது ஒரு பிரபுவின் வீட்டுப் பெண் சொன்னதைப் பதிந்திருக்கிறார். முற்றத்தில் ஒரு எலி குடித்தவன் மாதிரி விழுந்து எழுந்து தள்ளாடியது. பணிப்பெண் ஒருத்தி வாலைப் பிடித்துத் தூக்கிப் பூனைக்குப் போட்டாள். பூனை கவ்விய வேகத்தில் அருவருத்துக் கீழே போட்டுவிட்டுச் சுருண்டுவிட்டது. அப்புறம் அந்தப் பணிப்பெண்ணுக்கு நெறிகட்டியது. சில நாளில் அந்த வீட்டில் ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். தெள்ளைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்திலேயே இவ்வளவு துல்லியம். இமயமலைப் பக்கம் குமாவுன், கார்வால் சனங்கள் எலி செத்தால் வீட்டை விட்டே வெளியேறிக் காட்டில் குடிசை போட்டுக்கொள்வார்கள் என்பதும் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கிறது. எலியைக் குற்றவாளியாகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள், அங்கே எலி கூரை வேய்ந்த வைக்கோலுக்குள் செத்திருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது என்பார்கள். அகழாய்வில் மண்ணைச் சல்லடையில் சலிக்காவிட்டால் எலி எலும்பு அகப்படாது என்பார்கள். இரண்டும் நல்ல பதில்கள்தான். என்றாலும் ஊர் ஊராக எலி செத்திருந்தால் நாற்றமாவது ஏட்டில் ஏறியிருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

2018இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் 1348 முதல் 1813 வரை ஐரோப்பாவில் வந்த ஒன்பது பிளேக் தாக்குதல்களின் சாவுக் கணக்கை எடுத்து, எலித்தெள்ளு, மனிதரின் பேனும் தெள்ளும், மூச்சுக்காற்று ஆகிய மூன்று வழிகளுக்கும் கணக்குப் போட்டுப் பொருத்திப் பார்த்தார்கள். ஏழு ஊர்களுக்குப் பேன் வழிதான் நன்றாகப் பொருந்தியது. சங்கரன்கோவில் வாசகர் சொல்வது இந்த ஆய்வைத்தான். அது யோசிக்கவைக்கிற வேலை, ஆனால் தீர்ப்பு ஆகாது. சாவு எண்ணிக்கை ஏறி இறங்குகிற கோட்டை மட்டும் வைத்து வழியைச் சொல்வது கஷ்டம். ஒரே கோட்டை வேறு வேறு வழிகளும் வரையும். இதைச் சொல்லி அப்போதே எதிர்ப்பும் வந்தது. அதைவிட எனக்குக் கனமாகப் பட்டது 2024இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை. முன்பு நினைத்ததைவிடச் சீலைப்பேன் இந்தக் கிருமியை நன்றாகவே கடத்தும் என்று அதில் தெரிந்தது. கவனியுங்கள், தலைப்பேன் அல்ல, துணி மடிப்பில் குடியிருக்கும் சீலைப்பேன். குளிர்தேசத்தில் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டு, மாதக்கணக்கில் வெளுக்காமல், ஒரே கட்டிலில் குடும்பமாகப் படுத்தவர்கள் அவர்கள். நம் பக்கம் ஒற்றை வேட்டியையும் சேலையையும் தினம் தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ அலசிக் கட்டியவர்கள். அங்கே நடந்திருக்கக்கூடியது இங்கே நடந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது வழியும் உண்டு. 1910–11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்ற பிளேக் மூச்சின் வழியாகவே பரவியது. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே அதைக் கண்டு சொல்லி, துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தைப் போடச் சொன்னார். எலிகளைப் பிடித்துப் பார்த்தார்கள், அவற்றில் நோய் இல்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் இவர் பேச்சை ஏற்காமல் முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரே இறந்தார். அவர் கண்டுபிடித்ததாக நினைத்த நோய் சரிதான், பிளேக்தான். வழியைத்தான் வேறாக நினைத்தார்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு: இந்தியாவுக்கு எலித்தெள்ளு, மஞ்சூரியாவுக்கு மூச்சு, 1348 ஐரோப்பாவில் துறைமுகத்தில் இறக்கியது எலியாக இருக்கலாம், உள்நாட்டுக்குள் வீடு வீடாக ஓடவைத்ததில் சீலைப்பேனுக்கும் மனிதத் தெள்ளுக்கும் பெரிய பங்கு இருக்க வேண்டும், குளிர்காலத்தில் மூச்சுக்கும். நாளைக்கு நல்ல சான்று வந்தால் மாற்றிக்கொள்ள நான் தயார்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வழியைத் தப்பாக நினைத்தால் அடி யார்மேலோ விழுகிறது, அதனால்தான். 1349 பிப்ரவரி 14ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க்கில் யூதர்களைக் கூட்டமாக எரித்தார்கள், கிணற்றில் விஷம் போட்டு நோயைப் பரப்பினார்கள் என்று சொல்லி. யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமென்ட் எழுதியும் வெறி நிற்கவில்லை. 1897இல் பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து பெண்களையும் கிழவர்களையும் சோதித்து, சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நோய் அழுக்கிலும் ஆளிடமும் இருக்கிறது என்ற எண்ணம். எலி கிட்டங்கியில் நிம்மதியாக இருந்தது.

நம் ஊரிலேயே நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2012இல் டெங்கு நம் மாவட்டத்தைப் போட்டு வாட்டியபோது என்னைக் கடையநல்லூர்ப் பக்கம் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சு, அந்த ஊர் ஆட்களுக்குச் சுத்தம் கிடையாது, சாக்கடையைப் பாருங்கள் என்று. அந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்களைக் கண்ணால் பார்த்தேன். நோய் டெங்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. வழியில்தான் எல்லாரும் தவறினார்கள். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். குழாயில் பல நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் சனங்கள் என்ன செய்வார்கள்? சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் பிடித்துவைப்பார்கள். நான் நுழைந்த ஒரு வீட்டில் தரை கண்ணாடியாகப் பளபளத்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். பின்கட்டில் கவிழ்க்காமல் விட்ட ஆட்டுரல் குழியில் ஒரு உழக்குத் தண்ணீர். டார்ச் அடித்தால் புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டிலும் இருந்தன. அந்த அம்மா முகம் செத்துப்போயிற்று. “நாங்க வீட்டச் சுத்தமாத்தான் வச்சிருக்கோம் சார்” என்றார். உங்கள் சுத்தத்தில் குறை இல்லைம்மா, தேங்குகிற தண்ணீரில்தான் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. தெருவில் புகை மருந்து அடித்தால் சனங்களுக்குத் திருப்தி, ஆனால் வேலை நடந்தது தொட்டியைத் தேய்த்துக் கழுவியதிலும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றியதிலும் மூடி போட்டதிலும்தான்.

இருநூறு வருஷத்துக்கு முன்பும் இதே கதை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு விஷக்காய்ச்சல் சனங்களை வாரிக்கொண்டு போனது. கும்பினி அரசாங்கம் டாக்டர் ஐன்ஸ்லி தலைமையில் குழு போட்டு விசாரித்தது. அந்தக் காலத்து வைத்தியம் நம்பியதெல்லாம் சதுப்புநிலத்து விஷக்காற்றைத்தான். இன்று அந்த அடையாளங்களைப் படித்தால் மலேரியா மாதிரி இருக்கிறது. கொசுவுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் பார்க்க இன்னும் எண்பத்தைந்து வருஷத்துக்கு மேல் போக வேண்டியிருந்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் 2020 கொரோனாவையும் தொடப்போவதாகச் சொல்லியிருப்பதால் ஒரு வேண்டுகோள். கிருமி எது என்பது அதில் சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது. காற்றில் மிதந்து வருமா, தும்மல் துளியில் மட்டும் வருமா, தொட்ட பொருளில் வருமா என்பதில்தான் உலகமே தடுமாறியது. நாமும் ஆட்களைக் கிருமிநாசினிச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டோம், காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்று உரக்கச் சொன்னவர்கள் குறைவு. அந்தத் தடுமாற்றத்தைக் கட்டுரையாளர் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக இரண்டு திருத்தங்கள். சிமோந்தின் எலிச் சோதனை பம்பாயில் நடந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. அது கராச்சியில் நடந்தது. அப்புறம், பறவை மூக்கு வைத்த முகமூடி போட்ட மருத்துவர் படத்துக்குக் கீழே ‘1348’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த உடை வந்தது 17ஆம் நூற்றாண்டில். மூக்குக்குள் வாசனைப் பொருளை அடைத்தது விஷக்காற்றுக்குப் பயந்து. மெழுகு பூசிய நீள அங்கியில் தெள்ளு ஏறுவது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியாமலே கிடைத்த லாபமாக இருக்கலாம். உங்கள் ஞாயிறு இணைப்பைப் பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். அடுத்த வாரமே இந்த இரண்டையும் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
வீரவநல்லூர்.